ஃபுளூ நோயாளிக்குப் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்திருக்கிறதா? ரத்தப் பரிசோதனைகளை எந்த வரிசையில் எடுப்பது, எப்படிப் படிப்பது

மழை பிடித்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் ஒரே மாதிரி கேஸ் ஷீட்டுகள் குவியும். காய்ச்சல், இருமல், உடம்பு வலி, "சி.பி.சி., சி.ஆர்.பி., பி.சி.டி. அனுப்பியாச்சு", அதற்குக் கீழே ஒரு ஆன்டிபயாடிக். சி.பி.சி. ரத்த அணுக்களின் எண்ணிக்கை; சி.ஆர்.பி.யும் பி.சி.டி.யும் (ப்ரோகால்சிடோனின்) தொற்று வந்தால் ரத்தத்தில் ஏறும் பொருட்கள். எந்தக் கேள்விக்குப் பதில் தேடி அந்த ரத்தத்தை எடுத்தார்கள் என்பது மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது. புதிதாக டூட்டிக்கு வரும் டாக்டர்களும் ஸ்டாஃப் நர்ஸ்களும் தடுமாறுவது இங்கேதான். ரிப்போர்ட்டில் உள்ள எண் அவர்களுக்குப் புரிகிறது. வரிசை தப்பிப்போவதால் அந்த எண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் போகிறது.

இது பெரியவர்களுக்கான வழிகாட்டி. குழந்தைகளுக்கு அளவுகளும் முடிவுகளும் வேறு, அதைக் குழந்தை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். நோயாளியாகவோ உறவினராகவோ இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். ரிப்போர்ட்டை வைத்து நீங்களே மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தெர்மாமீட்டர், பல்ஸ் ஆக்ஸிமீட்டர், பி.பி. கருவி, எக்ஸ்ரே எடுக்க வழி. இவை இல்லாமல் பி.சி.டி.க்குக் காசு செலவழிப்பது வீண்.

அப்புறம், நீங்கள் சாம்பிள் அனுப்பும் லேபுக்கு ஒரு போன் போட்டு நான்கு விஷயங்களைக் கேட்டு வையுங்கள். சி.ஆர்.பி.யை எண்ணாகத் தருவார்களா, வெறும் "பாசிட்டிவ்" என்று தருவார்களா? எந்த அலகில்? பி.சி.டி. மெஷினில் பார்க்கிறார்களா, கோடு விழும் துரிதப் பரிசோதனைக் கார்டில் பார்க்கிறார்களா? ராத்திரி அனுப்பினால் ரிப்போர்ட் எப்போது வரும்? உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ இருந்துகொண்டு மதுரைக்குச் சாம்பிள் அனுப்பி, மறுநாள் மதியம் ரிப்போர்ட் வாங்குகிறீர்கள் என்றால், அந்த எண்ணை வைத்து இன்று ராத்திரி எந்த முடிவும் எடுக்க முடியாது. இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் வீணாகக் காத்திருக்க மாட்டீர்கள்.

1. இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று முதலில் எழுதுங்கள்

கேஸ் ஷீட்டின் முதல் வரி இதுவாக இருக்கட்டும். சாதாரண ஃபுளூவில் காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாளில் இறங்கிவிடும். இருமலும் அசதியும் அதற்குமேல் ஒரு வாரம், இரண்டு வாரம்கூட இழுக்கும், அதை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று சொல்ல முடியாது.

நம்மைச் சந்தேகப்பட வைக்க வேண்டியவை மூன்று. வரும்போதே நிலைமை மோசமாக இருப்பது ஒன்று. ஃபுளூ வைரஸுக்கான மருந்தான ஓசெல்டாமிவிர் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாள் ஆகியும் தேறாமல் இருப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் அதிகம் தவறிப்போவது: காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்து, எழுந்து நடமாடி, இரண்டு நாள் கழித்துத் திரும்பக் குளிரோடு காய்ச்சலும் மஞ்சளாகவோ துரு நிறத்திலோ சளியும் வருவது. நியூமோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஹீமோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் வைரஸ் புண்ணாக்கிய மூச்சுக்குழாயில் இப்படித்தான் பின்னால் வந்து ஏறுகின்றன.

"எத்தனை நாளா காய்ச்சல்?" என்று மட்டும் கேட்டால் "ஒரு வாரமா" என்றுதான் பதில் வரும். "நடுவுல ஒருநாளாவது காய்ச்சல் விட்டுச்சாம்மா?" என்று கேளுங்கள்.

2. ரத்தப் பரிசோதனையே தேவைப்படாதவர்களைப் பிரித்து அனுப்புங்கள்

நம் நாட்டு எச்1என்1 (ஃபுளூவில் ஒரு வகை) வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. லேசான காய்ச்சல், தொண்டை வலி, இருமல் மட்டும் உள்ள ஏ பிரிவினருக்கு ஃபுளூ ஸ்வாபும் (மூக்கு, தொண்டையில் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் பரிசோதனை) வேண்டாம், ஓசெல்டாமிவிரும் வேண்டாம். மூச்சு சீராக, ஆக்ஸிஜன் நன்றாக, நெஞ்சு சுத்தமாக இருக்கும் இந்த ஆட்களுக்கு சி.ஆர்.பி., பி.சி.டி. எதற்கு?

எடுத்தால் நஷ்டம் காசோடு நிற்பதில்லை. ஃபுளூ மட்டும் இருந்தாலே சி.ஆர்.பி. 30, 40 என்று ஏறும். ரிப்போர்ட்டில் அது தடித்த எழுத்தில் வந்து நிற்கும், அதைப் பார்த்துப் பயந்து ஒரு ஆன்டிபயாடிக் எழுதப்படும்.

சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் பி பிரிவில் வருவார்கள். இவர்களுக்கு ஓசெல்டாமிவிர் முதலில், பரிசோதனை பிறகு. 75 மி.கி. மாத்திரை, தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு குறையும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுப்பதில்தான் முழுப் பலன் இருக்கிறது, ஆகவே ஸ்வாப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

3. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாதவர்களை அடுத்துப் பிரியுங்கள்

மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்குமேல், மேல் பி.பி. 90-க்குக் கீழ், குழப்பமான பேச்சு, உதடும் நகமும் நீலம் பாய்வது, சளியில் ரத்தம், ஆக்ஸிஜன் தொடர்ந்து இறங்குவது. இவற்றில் எது இருந்தாலும் அவர் சி பிரிவு; கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக்கும் ஓசெல்டாமிவிரும் போய்விட வேண்டும். பி.பி. விழுந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருப்பவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள். பெரியாஸ்பத்திரிக்கோ ஐ.சி.யு. உள்ள இடத்துக்கோ அனுப்புவதாக இருந்தாலும் முதல் டோஸைப் போட்டுவிட்டு அனுப்புங்கள், போட்ட நேரத்தையும் எழுதுங்கள்.

"பி.சி.டி. வரட்டும், பார்க்கலாம்" என்று இவர்களை உட்கார வைப்பதுதான் இந்த வேலையிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. இவர்களுக்கும் பி.சி.டி. எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது மூன்றாம் நாள் மருந்தை நிறுத்தலாமா என்று பார்க்க உதவும் முதல் எண். தொடங்குவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

4. ஏற்கெனவே என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று பாருங்கள்

"எதுவும் சாப்பிடலை" என்பார்கள். "மெடிக்கல்ல செட்டு மாத்திரை வாங்கிப் போட்டீங்களா?" என்று கேட்டால் சேலை முந்தியிலிருந்தோ சட்டைப் பையிலிருந்தோ ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வரும். பிரித்துப் பாருங்கள்: ஒரு பாரசிட்டமால், ஒரு மஞ்சள் மாத்திரை, அரை கேப்ஸ்யூல், கூடவே பொடியாக ஒரு வெள்ளை மாத்திரை. அந்தப் பொடி மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு.

இதை ஏன் இவ்வளவு துருவ வேண்டும்? ஸ்டீராய்டு உள்ளே போனால் டோட்டல் கவுண்ட்டும் (மொத்த வெள்ளையணு எண்ணிக்கை) அதில் ஒரு வகையான நியூட்ரோஃபிலும் தானாக ஏறும், சி.ஆர்.பி. இறங்கும். அதாவது ஒரு எண் பாக்டீரியா என்று கத்தும், இன்னொரு எண் ஒன்றுமில்லை என்று சொல்லும், இரண்டுமே பொய். ஆன்டிபயாடிக் இரண்டு நாள் போயிருந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம், பி.சி.டி.யும் இறங்கத் தொடங்கியிருக்கும். ஆகவே பொட்டலத்தில் இருந்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகே ஊசியைக் கையில் எடுங்கள்.

5. சாம்பிள் எடுக்கும் வரிசை

முதலில் கல்ச்சர் பாட்டில், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள் மூடி சீரம் ட்யூப், கடைசியில் ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. ட்யூப். கல்ச்சர் முதலில் வருவது மற்ற ட்யூப்களின் கிருமி அதில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஈ.டி.டி.ஏ. கடைசியில் வருவது அதிலுள்ள மருந்து சீரத்தில் கலந்து பொட்டாசியம், கால்சியம் அளவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக.

கல்ச்சர் என்றால் இரண்டு வெவ்வேறு இடத்திலிருந்து, பெரியவர்களுக்கான பாட்டில் ஒன்றுக்கு 8 முதல் 10 மி.லி. இரண்டு மி.லி. விட்டுவிட்டு "வளரவில்லை" என்று ரிப்போர்ட் வாங்குவதில் அர்த்தமில்லை. தோலைத் துடைத்த ஸ்பிரிட் காய விடுங்கள். அவசரத்தில் ஈரத்திலேயே குத்தினால் தோலில் இருக்கும் கிருமிதான் வளரும்.

சீரம் ட்யூபை அரை மணி நேரம் உறைய விட்டுப் பிரித்து, குளிர்பெட்டியில் அனுப்புங்கள். உசிலம்பட்டியில் பஸ் ஏற்றிவிட்டு ஆரப்பாளையத்தில் ஆள் நின்று வாங்கிக்கொள்வதெல்லாம் சரிதான், ஆனால் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் சூட்டில் பிரிக்காத ட்யூப் நாற்பது கிலோமீட்டர் குலுங்கி வந்தால் சிவப்பணுக்கள் உடைந்துதான் வந்து சேரும். ட்யூபின்மேல் பெயரோடு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். சி.ஆர்.பி.யும் பி.சி.டி.யும் மணிக்கு மணி மாறுபவை, நேரம் தெரியாத எண்ணை அடுத்த எண்ணோடு ஒப்பிட முடியாது.

6. முதலில் டோட்டல் கவுண்ட்டைப் படியுங்கள்

மலிவு, அரை மணி நேரத்தில் வந்துவிடும், ஆகவே முதலில். ஃபுளூ மட்டும் என்றால் வெள்ளையணு எண்ணிக்கை பெரும்பாலும் நார்மலாகவோ கொஞ்சம் குறைவாகவோ இருக்கும். 15,000-ஐத் தாண்டி நியூட்ரோஃபிலும் தூக்கலாக இருந்தால் பாக்டீரியாவை நினைக்க வேண்டும். பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்ததா, பெண் கர்ப்பமாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு நினையுங்கள், இரண்டுமே கவுண்ட்டை ஏற்றும்.

ஆள் மோசமாக இருக்கும்போது கவுண்ட் 2,000, 3,000 என்று கிடந்தால் "வைரல்தான்" என்று நிம்மதி அடையாதீர்கள். ஃபுளூவுக்குப் பின்னால் வரும் கடுமையான ஸ்டாஃபிலோகாக்கஸ் நிமோனியாவில் கவுண்ட் இப்படிச் சரியும், அது கெட்ட அறிகுறி. சளியில் ரத்தமும் சேர்ந்திருந்தால் எம்.ஆர்.எஸ்.ஏ.வையும் (வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ்) பிடிக்கும் மருந்து தேவையா என்று மூத்த மருத்துவரை உடனே கேளுங்கள்.

பிளேட்லெட்டையும் விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் டெங்குவும் உண்ணிக் காய்ச்சலும் கூடவே வரும். கவுண்ட்டும் பிளேட்லெட்டும் சேர்ந்து இறங்கினால் டெங்குப் பரிசோதனையும் வேண்டும். உண்ணிக் காய்ச்சலே ஒரு பாக்டீரியா நோய்தான், அதில் சி.ஆர்.பி. நன்றாக ஏறும், இருமலும் மூச்சிரைப்பும்கூட வரலாம். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பு மடிப்பு எல்லாம் விலக்கிப் பார்த்துக் உண்ணி கடித்த இடத்தில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்குரிய மருந்து டாக்சிசைக்ளின், நிமோனியாவுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் அதைத் தொடாது.

7. சி.ஆர்.பி.: எண்ணுக்கு முன் அலகு

ஒரே ரத்தம், ஒரு லேப் 48 என்று தரும், இன்னொரு லேப் 4.8 என்று தரும். முதலாவது லிட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். பத்து மடங்கு வித்தியாசம். நேற்று 60, இன்று 9 என்று பார்த்து "நல்லா இறங்கிருச்சு" என்று டிஸ்சார்ஜ் எழுதப் போவார்கள், உண்மையில் அது 60-லிருந்து 90-க்கு ஏறியிருக்கும். ஒரே லேபில் தொடர்ந்து எடுங்கள்.

தாலுகா ஊர்களில் இன்னும் ஸ்லைடில் லேடெக்ஸ் முறையில் பார்க்கும் லேபுகள் உண்டு. அது 6-ஐத் தாண்டினாலே பாசிட்டிவ் காட்டும், நம் கேள்விக்கு அது எந்த உதவியும் செய்யாது. இன்னும் மோசம், அளவு மிக அதிகமாக இருக்கும்போது ரத்தத்தை நீர்க்கச் செய்யாமல் பார்த்தால் நெகட்டிவ் என்றுகூடக் காட்டிவிடும். எண் தரும் லேபுக்கு மாறுங்கள்.

கிருமி நுழைந்து ஆறு எட்டு மணி நேரத்துக்குப் பிறகே சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும், உச்சிக்குப் போக ஒன்றரை இரண்டு நாள் ஆகும். ஆகவே காலையில் குளிர் வந்தவருக்கு மதியம் எடுத்த சி.ஆர்.பி.யில் நிம்மதி தேடாதீர்கள். மூச்சுத் தொற்றோடு வருபவர்களுக்குப் பிரிட்டனின் 2014 நிமோனியா வழிகாட்டுதல் சொன்ன எல்லைகள் மனதில் வைக்க எளிது: 20-க்குக் கீழ் இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டாம், 100-ஐத் தாண்டினால் வேண்டும், நடுவில் இருந்தால் காத்திருந்து பார்க்கலாம். ஃபுளூ நோயாளிகளில் பெரும்பாலோர் அந்த நடு வரம்பில்தான் விழுவார்கள், கடுமையான ஃபுளூ பாக்டீரியா இல்லாமலேயே 100-ஐத் தாண்டும். சி.ஆர்.பி.யை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாமல் போவது இதனால்தான். கல்லீரல் கெட்டவர்களுக்கு அது ஏறவே ஏறாமலும் இருக்கலாம், அதை அங்கேதான் உடம்பு தயாரிக்கிறது.

8. பி.சி.டி.: எதற்கு இந்தக் கூடுதல் செலவு

ப்ரோகால்சிடோனின் வழக்கமாகத் தைராய்டில் மட்டும் கொஞ்சமாக உண்டாகும் பொருள். பாக்டீரியாத் தொற்று வந்தால் உடம்பின் பல உறுப்புகளும் அதைத் தயாரித்து ரத்தத்தில் விடும். வைரஸ் வந்தால் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா அந்தத் தயாரிப்பை அடக்கிவைக்கும். ஃபுளூ நோயாளியிடம் இது சி.ஆர்.பி.யைவிட நன்றாகப் பிரித்துக் காட்டுவதற்குக் காரணம் அதுதான். வேகமும் அதிகம்: இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், தொற்று அடங்கினால் ஏறக்குறைய ஒரு நாளுக்குப் பாதியாகக் குறையும்.

மூச்சுத் தொற்றுக்கான அளவுகள், மில்லிலிட்டருக்கு நானோகிராமில்:

0.1-க்குக் கீழ்: பாக்டீரியா இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.
0.1 முதல் 0.25 வரை: வாய்ப்பு குறைவு.
0.25 முதல் 0.5 வரை: இருக்கலாம்.
0.5-க்கு மேல்: பெரும்பாலும் இருக்கிறது.

கார்டு முறையில் பார்க்கும் லேபில் பல கார்டுகள் 0.5-க்குக் கீழ் எதையும் பிரித்துக் காட்டாது. நமக்கு முக்கியமான எல்லையே 0.25 என்பதால் அந்த "நெகட்டிவ்" நமக்குப் போதாது. மெஷின் ரிப்போர்ட்தான் வேண்டும்.

இந்த எண்ணின் பலம் ஒரு பக்கம்தான். நிலையாக இருக்கும் ஃபுளூ நோயாளிக்குக் குறைவாக வந்தால் அதை நன்றாகவே நம்பலாம். அதிகமாக வந்தால் அந்த அளவுக்கு நம்ப முடியாது, ஏனென்றால் கடுமையான ஃபுளூவே நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அடித்துப்போட்டுவிட்டால் பாக்டீரியா இல்லாமலேயே பி.சி.டி. ஏறும்.

9. ஏமாற்றும் இடங்கள்

பொய்யாக ஏறுவது: நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ், பெரிய அறுவை சிகிச்சை, விபத்துக் காயம், தீக்காயம், மலேரியா, தைராய்டின் மெடுல்லரி புற்றுநோய். டயாலிசிஸ் நோயாளிக்கு 0.6 என்று வந்தால் அதை அவருடைய பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பாருங்கள், பழையது இல்லையென்றால் மறுநாள் ஒன்று எடுங்கள்.

பொய்யாக இறங்கியிருப்பது: நோயின் முதல் சில மணி நேரம், ஒரே இடத்தில் கட்டிக்கொண்ட சீழ், மைக்கோபிளாஸ்மா போன்ற வித்தியாசமான கிருமிகள், காசநோய். கடைசியாகச் சொன்னதை நம் ஊரில் மறக்கவே கூடாது. ஃபுளூ பாசிட்டிவ், பி.சி.டி. 0.08, ஆனால் எடை குறைந்து மூன்று வாரமாக இருமல் என்றால் சளியைக் காசநோய்க்கு அனுப்புங்கள்.

10. எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்து முடிவெடுங்கள்

இதில் பலர் குழம்புகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

எக்ஸ்ரே சுத்தம், ஆள் நிலையாக இருக்கிறார், பி.சி.டி. 0.25-க்குக் கீழ். ஆன்டிபயாடிக் வேண்டாம். ஓசெல்டாமிவிர் போதும், மறுநாள் பாருங்கள்.

எக்ஸ்ரேயில் நிமோனியா இருக்கிறது, பி.சி.டி. குறைவு. இங்கே ஆன்டிபயாடிக்கைத் தொடங்க வேண்டும். அமெரிக்க நுரையீரல், தொற்றுநோய் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டுதல் முதல் பி.சி.டி. எவ்வளவு இருந்தாலும் தொடங்கச் சொன்னது, ஃபுளூ பாசிட்டிவ் ஆனாலும் அப்படித்தான். 48 முதல் 72 மணி நேரத்தில் ஆள் தேறி, கல்ச்சரில் ஒன்றும் வளராமல், பி.சி.டி.யும் குறைவாகவே இருந்தால் அப்போது நிறுத்துவதை யோசிக்கலாம். பி.சி.டி.யின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

எக்ஸ்ரே சுத்தம், பி.சி.டி. 2. உடனே நுரையீரலைச் சொல்லாதீர்கள். சிறுநீர், பித்தப்பை, கால் புண், உண்ணிக் காய்ச்சல், டைஃபாய்டு என்று வேறு இடங்களைத் தேடுங்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்தைச் செருப்பைக் கழற்றி, விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தால் எக்ஸ்ரேயில் நிழல் விழத் தாமதமாகலாம், மறுநாள் ஒன்று எடுப்பதும் நல்லது.

11. மறுபடி எடுப்பதும் நிறுத்துவதும்

ஒரு எண் ஒரு புள்ளிதான். சந்தேகம் இருந்து மருந்து தொடங்காமல் விட்டவருக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் பி.சி.டி. மறுபடி எடுங்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஐம்பது வயதுச் சர்க்கரை நோயாளி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் விட்டு ஆறாம் நாள் சாயங்காலம் திரும்பக் குளிர், ராத்திரி எட்டு மணிக்கு பி.சி.டி. 0.18, எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றுமில்லை. ஒரு எண்ணோடு நிறுத்தியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். காலை ஆறு மணிக்கு 1.9. குளிர் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எடுத்ததால் முதல் எண் அப்படி இருந்தது. முதல் பிரிவில் சொன்ன மூன்றாவது வகை ஆள் இவர், இவரை ராத்திரி தங்க வைத்ததற்கு அந்த ஒரு வரிக் குறிப்பே போதுமான காரணம்.

மருந்து தொடங்கியவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் போதும். மூச்சுத் தொற்றில் 0.25-க்குக் கீழ் வந்தாலோ உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ, ஆளும் தேறியிருந்தால், நிறுத்தலாம். 10-லிருந்து 2-க்கு வந்தால் அது 80 சதவீதம். இறங்கவே இல்லையென்றால் மருந்து கிருமிக்குப் பொருந்தவில்லை, அல்லது எங்கோ சீழ் கட்டியிருக்கிறது. நெஞ்சுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் பாருங்கள். ரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தாலோ ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று உறுதியானாலோ பி.சி.டி.யைப் பார்த்து நாளைக் குறைக்காதீர்கள், அந்த நோய்களுக்கு முழுக் கணக்கு தனியாக இருக்கிறது.

12. வீட்டாரிடம் சொல்வதும் சீட்டில் எழுதுவதும்

"ரத்தத்துல கிருமி ஏறிருச்சா டாக்டர்?" இதுதான் வரும் கேள்வி. "இப்போதைக்கு இது வைரஸ் காய்ச்சல்தான்ணே, பாக்டீரியா சேர்ந்த அடையாளம் இன்னிக்கு இல்ல, நாளைக்குத் திரும்பப் பாப்போம்" என்று நாளோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஊசி போடாமல் அனுப்பினால் வழியில் வேறு எங்காவது போட்டுக்கொண்டுதான் போவார்கள், ஆகவே ஏன் போடவில்லை என்று இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்வதும் சிகிச்சையின் பகுதி.

டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியும் நேரமும் அலகும் சேர்த்து எல்லா எண்களையும் எழுதுங்கள், எந்த லேப் என்பதையும். அடுத்த டாக்டர் வேறு ஊரில் இருக்கலாம். கடைசி வரியைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ ராத்திரியானாலும் உடனே வர வேண்டும், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.